ஐமாக்ஸில் மீன்கொத்தியைப் பிடிப்பது எப்படி?

வேலூர்க் கோட்டை அகழியின் மேல் ஒரு மீன்கொத்தி பாய்கிறது. அதை ஐமாக்ஸ் ஃபிலிமில் எடுக்க நினைக்கும் இயற்கைப் பட இயக்குநருக்கு கேமராவைவிட முதலில் கணக்குதான் தேவைப்படும்.

வழக்கமான 35 மி.மீ. ஃபிலிம் மேலிருந்து கீழே ஓடும், ஒரு படச்சட்டத்துக்கு ஓரத்தில் 4 துளைகள். ஐமாக்ஸ் கேமராவில் 65 மி.மீ. ஃபிலிம் படுக்கைவாட்டில் ஓடும், சட்டத்துக்கு 15 துளைகள். சட்டத்தின் அகலம் சுமார் 7 செ.மீ. நொடிக்கு 24 சட்டம் என்றால் 1.7 மீட்டர் ஃபிலிம் போகிறது. 1000 அடிச் சுருள் 3 நிமிடத்தில் காலி. 40 நிமிடப் படத்தின் ஒரு பிரதியைக் கோட்டையிலிருந்து காட்பாடி ரோட்டில் விரித்துக்கொண்டே போனால் பாலாற்றை எட்டிவிடும். (நனையுமோ என்று பயப்பட வேண்டாம், நம்ம பாலாறுதானே!)

1996 மே மாதம் அமெரிக்கப் பட இயக்குநர் டேவிட் பிரஷியர்ஸின் குழு, எடை குறைத்த ஐமாக்ஸ் கேமராவை எவரெஸ்ட் உச்சிக்கே தூக்கிக்கொண்டு போனது. அங்கே கொண்டுபோன சிறிய சுருள் ஒன்றுக்குக் கிடைத்தது ஒன்றரை நிமிடம்தான்.

சரி, மீன்கொத்திக்கு வருவோம். திரை 22 மீட்டர் அகலம். பறவை ஒரு நொடியில் திரையைக் கடந்தால், சட்டத்துக்குச் சட்டம் 90 செ.மீ. நகர்கிறது. பறப்பதாகத் தெரியாது, விட்டு விட்டுத் தாவுவதாகத்தான் தெரியும். மூன்று மடங்கு வேகத்தில் எடுத்து மெதுவாக ஓட்டினால் தாவல் 30 செ.மீ. ஆகும். ஆனால் சுருளும் ஒரே நிமிடத்தில் தீரும்! கேமராவைப் பறவையோடு திருப்பினால் பின்னாலுள்ள கோட்டைச் சுவர் ஓடி, முன்வரிசையில் உட்கார்ந்தவருக்குத் தலை சுற்றும்.

இன்னொரு சிக்கல் ஃபோகஸ். சட்டம் பெரிதானால் அதே காட்சிக்கு அதிகக் குவியத் தூரமுள்ள லென்ஸ் வேண்டும்; அதனால் தெளிவாக விழும் ஆழம் குறையும். அலகு தெளிவாக இருந்தால் வால் மங்கலாகும். அக்னி நட்சத்திரத்தில் வந்தால் இன்னும் பாடு: குளிரில் வைத்திருந்த ஃபிலிம் டப்பாவை உடனே திறந்தால் ஈரம் படியும், வெளிச்சூட்டுக்கு வரும்வரை மூடியே வைக்க வேண்டும்.

அதனால்தான் இந்தத் தொழிலில் பெரும்பகுதி நேரம் கேமராவை ஓட்டாமலே போகிறது. மீன்கொத்தி பெரும்பாலும் பழகிய இடத்தில் உட்கார்ந்துதான் பாயும். அந்தக் கிளையையும், வெயில் அங்கே விழும் நேரத்தையும் தெரிந்துகொண்ட பிறகுதான் கேமராவை எடுப்பார்கள். ஓடும்போது கேமரா போடும் சத்தத்தில் பறவையின் குரலைத் தனியாகத்தான் பதிய வேண்டும்.

டிஜிட்டல் கேமராவில் சுருள் தீரும் கவலை இல்லை. ஆனால் திரை அதே அகலம், நொடிக்கு அதே 24 சட்டம் என்றால் 90 செ.மீ. தாவல் அப்படியேதான் இருக்கும்.