மின்னிய கிரில் மூன்றே நாளில் துருப்பிடித்தது ஏன்?

கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஜன்னல் கிரில்லில் துரு. கழிவறை கழுவ வாங்கிவைத்திருந்த ஆசிட்டை ஊற்றித் தேய்த்தாராம். பத்தே நிமிடத்தில் கம்பி புதிதுபோல் மின்னியது. ஒரு மக் தண்ணீரை ஊற்றி அலசிவிட்டுப் போய்விட்டார். மூன்றாம் நாள் பார்த்தால் முன்பைவிட மோசமான துரு. ஆங்காங்கே பழுப்புத் துளிகள் வேறு. "கடைக்காரர் கலப்பட ஆசிட்டைக் கொடுத்துவிட்டாரா?" என்று கேட்கிறார்.

கடைக்காரர் மேல் பழி வேண்டாம். ஆசிட் தன் வேலையை ஒழுங்காகவே செய்தது. யாரும் சொல்லாத இன்னொரு வேலையையும் சேர்த்துச் செய்துவிட்டது.

வீட்டு வேலைக்கு ஆசிட் என்று நாம் வாங்குவது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். மியூரியாட்டிக் அமிலம் என்பது அதன் பழைய பெயர். லத்தீனில் 'மூரியா' என்றால் உப்புநீர். உப்பையும் கந்தக அமிலத்தையும் சேர்த்துத்தான் அந்தக் காலத்தில் இதைத் தயாரித்தார்கள். தமிழிலும் இதற்கு உப்புத் திராவகம் என்று பெயர் இருந்தது. மரக்காணம் உப்பளங்களைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெயர்தான் நினைவுக்கு வரும். வாசகியின் புதிருக்கான விடையும் அந்த உப்பில்தான் ஒளிந்திருக்கிறது.

துரு என்பது நீர் கலந்த இரும்பு ஆக்சைடு. அமிலம் அதைக் கரைத்து இரும்பு குளோரைடாகவும் தண்ணீராகவும் மாற்றுகிறது. துரு தீர்ந்ததும் அடியிலிருக்கும் இரும்பைத் தின்னத் தொடங்குகிறது. அப்போது எழும் குமிழிகள் ஹைட்ரஜன். இதுவரை பள்ளிக்கூடப் பாடம். இனிமேல்தான் வேடிக்கை.

துருப்பிடித்த கம்பியை உருப்பெருக்கியில் பாருங்கள். மேடும் பள்ளமுமாக, நுண்ணிய குழிகள் நிறைந்திருக்கும். மேலே ஊற்றிய தண்ணீர் அந்தக் குழிகளின் அடிவரை போய் அலசுவதில்லை. அமிலத்திலிருந்து வந்த குளோரைடு (சமையல் உப்பிலும் இருப்பது இதுதான்) அங்கே கொஞ்சம் தங்கிவிடுகிறது. குழியின் அடியில் இரும்பு எலக்ட்ரான்களை இழந்து, நேர்மின் அயனியாக ஈரத்தில் கரைகிறது. குழிக்குள் நேர்மின்னூட்டம் பெருகப் பெருக, அதைச் சமன்செய்ய வெளியிலிருக்கும் எதிர்மின் குளோரைடு அயனிகள் உள்ளே இழுபடுகின்றன. இரும்பு குளோரைடு சேர்கிறது. அது தண்ணீரோடு வினைபுரியும்போது இரும்பு ஹைட்ராக்சைடாகப் பிரிந்துவிட, மிஞ்சுவது என்ன? ஹைட்ரஜன் அயனியும் குளோரைடும். அதாவது, மறுபடியும் அதே ஹைட்ரோகுளோரிக் அமிலம்! புதிதாகப் பிறந்த அமிலம் இன்னும் கொஞ்சம் இரும்பைக் கரைக்கிறது. மறுபடி குளோரைடு, மறுபடி அமிலம்.

குளோரைடு இதில் எளிதில் தீர்ந்துபோவதில்லை என்பதுதான் என்னை ஒவ்வொரு முறையும் வியக்கவைக்கிறது. வட்டிக்கு விட்ட முதல்போல அது அப்படியே இருக்க, கம்பிதான் கரைகிறது. போதாக்குறைக்கு இரும்பு குளோரைடு காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. மழையே இல்லாவிட்டாலும் கம்பி வியர்க்கும். வாசகி பார்த்த பழுப்புத் துளிகள் அவைதான். உப்பு ஊறிய மண்ணிலிருந்து அகழ்ந்தெடுத்த பழைய இரும்புப் பொருள்களும் இப்படித்தான் துளி துளியாகக் கசியும். அருங்காட்சியகக்காரர்கள் அதை 'அழும் இரும்பு' என்பார்கள். கடற்காற்று ஆண்டுக்கணக்கில் கொண்டுவந்து சேர்க்கும் குளோரைடை நாமே பத்து நிமிடத்தில் ஊற்றிவிட்டு, ஆசிட் சரியில்லை என்கிறோம்.

ஊற்றக்கூட வேண்டாம். புதுச்சேரியில் எங்கள் வீட்டில் கழுவுதொட்டிக்குக் கீழே ஒரு பாட்டிலை மூடி இறுக்கித்தான் வைத்திருந்தேன். ஒரு கோடை முடிவதற்குள் பக்கத்திலிருந்த ஸ்பேனர், திருப்புளி, கதவுக் கீல் எல்லாம் செம்பழுப்பு. மூடியின் இடுக்கில் கசிந்த ஹைட்ரஜன் குளோரைடு வாயு, ஈரம் படிந்த உலோகத்தில் போய் அமர்ந்துகொண்டது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்க்கும் இது ஆகாது. அதைக் காக்கும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலத்தில் குளோரைடு துளை போட்டுவிடும்.

எஃகு ஆலைகளிலும் துத்தநாகப் பூச்சுப் பட்டறைகளிலும் இதே அமிலத் தொட்டியில்தான் இரும்பை முக்குகிறார்கள். ஆனால் வெறும் இரும்பின் மேல் ஒட்டிக்கொண்டு அதைக் காக்கும் ஹெக்சமின் போன்ற தடுப்பான்களை அமிலத்தில் கலக்கிறார்கள். எடுத்ததும் நன்றாக அலசி, காற்று தன் வேலையைத் தொடங்குவதற்குள் பூச்சும் போட்டுவிடுகிறார்கள். வீட்டில் அந்த வசதி ஏது? கிரில்லுக்குக் கம்பி பிரஷும் உப்புத்தாளும் போதும். மீறினால் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கி. அது விட்டுச்செல்லும் இரும்பு பாஸ்பேட் படலம் பெயிண்ட்டுக்கு நல்ல பிடிமானம். பித்தளைக் குத்துவிளக்கைத் தயவுசெய்து ஆசிட்டில் முக்காதீர்கள். துத்தநாகம் கரைந்து வெளியேறி விளக்கு செம்பு நிறமாகிவிடும். புளி இருக்கிறதே! கடப்பா கல், மார்பிள், மொசைக் தரை, பழைய வீடுகளின் சுண்ணாம்புச் சாந்து எல்லாமே கால்சியம் கார்பனேட் கொண்டவை. ஆசிட் பட்டால் குழாயடி உப்புக்கறை கரைவதுபோலவே தரையும் கரையும்.

இந்தத் துருவுக்குக் கண் திருஷ்டிதான் காரணம், எலுமிச்சை கட்டுங்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். கட்டிக்கொள்ளுங்கள். இரும்புக் கம்பியில் மட்டும் கோக்காதீர்கள். சாறு வடிகிற இடத்தில் முதல் துரு வரும். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1953 முதல் இயங்குகிறது. உலோக அரிப்பு அதன் முக்கியமான ஆய்வுத் துறைகளில் ஒன்று. ராக்கெட்டுக்குக் கிடைக்கும் கைதட்டலில் பத்தில் ஒரு பங்காவது துரு ஆராய்ச்சிக்கும், அந்த அளவில் பணமும் கிடைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம். இவ்வளவு நீளக் கடற்கரையை வைத்துக்கொண்டு துருவை அற்பமாக நினைக்கலாமா?

கழிவறைக்கு ஆசிட்டைப் பயன்படுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், ஒரே ஒரு விஷயத்தில் நான் கறாராக இருப்பேன்: பிளீச்சிங் பவுடர் பக்கத்தில்கூட வரக்கூடாது. மழைக்காலத்தில் தெருவெங்கும் தூவுவார்கள். வீட்டிலும் ஒரு பொட்டலம் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில், 1915இல் பெல்ஜியத்தின் ஈப்ர போர்முனையில் சிப்பாய்களைக் கொன்ற அதே வாயு. காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது என்பதால் தரையோடு தங்கும். குந்தி உட்கார்ந்து தேய்ப்பவரின் மூக்கும் அங்கேதான் இருக்கிறது. நெடி வந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

மற்றபடி, பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீர், அதில் சிறிது சிறிதாக அமிலம், மாற்றி ஊற்றக்கூடாது. ரப்பர் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, திறந்த ஜன்னல். தோலிலோ கண்ணிலோ பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். கண் என்றால் அதன் பிறகு மருத்துவமனைக்கும் போக வேண்டும். ஆசிட் வாங்குபவரின் விவரங்களைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனாலும் பழைய குடிநீர் பாட்டிலில் அடைத்த ஆசிட் சைக்கிளில் வீடு தேடி வருகிறது. தாகத்தோடு ஓடிவரும் குழந்தைக்கு வித்தியாசம் தெரியுமா?

வாசகி செய்ய வேண்டியது இவ்வளவுதான். கிரில்லைக் கம்பி பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் பலமுறை அலசுங்கள். ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக இருந்தால் அது வேண்டாம். பிறகு சமையல் சோடா கரைசலால் துடைத்து, மீண்டும் அலசி, வெயிலில் சுடச் சுடக் காயவிட்டு, அன்றைக்கே ரெட் ஆக்சைடு பூசிவிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிட்டால் நல்லது.

பாட்டிலில் மிஞ்சிய ஆசிட்டை என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறார். வெட்டவெளியில், நிறையத் தண்ணீருள்ள வாளியில் மெதுவாக ஊற்றி, சமையல் சோடாவைக் கரண்டி கரண்டியாகப் போடுங்கள். நுரை எழுவது நின்றதும் சாக்கடையில் கொட்டிவிடலாம். அப்போது வாளியில் இருப்பது வெறும் உப்புத் தண்ணீர்தான்.