விண்ணப்பத்தில் யாருடைய கைபேசி எண்?

நலத்திட்ட உதவித்தொகை கேட்டு ஒரு பெண் எங்கள் அலுவலகத்துக்கு வந்தால், படிவத்தில் எந்தக் கைபேசி எண் இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். பெரும்பாலும் அது கணவருடையதாகவோ மகனுடையதாகவோ இருக்கும். ஓ.டி.பி., நேர்காணல் தேதி, பணம் வரவான தகவல் எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் போகும். அவர்கள் சொன்னால்தான் இவருக்குத் தெரியும். வீட்டில் அடி தாங்க முடியாமல் விலகிப்போக வழி தேடுகிற பெண்ணாக இருந்தால், அந்த ஒரு குறுஞ்செய்தியே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

உரிமை சட்டத்தில் இல்லாமல் இல்லை. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்க 1979-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற உடன்படிக்கையின் 13-ஆவது பிரிவு, குடும்பநல உதவிகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம உரிமை உண்டு என்கிறது. ஆனால் பல திட்டங்களின் அடித்தளம் அதைவிடப் பழையது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1952-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கையை எடுத்துப் பாருங்கள். நோய்க்கால உதவியின் அளவைக் கணக்கிட அது வைத்துக்கொண்ட மாதிரிக் குடும்பம்: ஓர் ஆண், அவர் மனைவி, இரண்டு குழந்தைகள். சம்பாதிப்பவர் இறந்தால் கைம்பெண்ணுக்கும் குழந்தைகளுக்கும் உதவி. மனைவியை இழந்த கணவருக்கு அதில் இடமே இல்லை.

ஆண் சம்பாதிப்பார், பெண் வீட்டைப் பார்த்துக்கொள்வார் என்ற அந்தக் கணக்கு இன்றும் அலுவலக மேசைகளில் உட்கார்ந்திருக்கிறது. உலகில் ஊதியமில்லாப் பராமரிப்பு வேலையில் 76.2 சதவீதத்தைப் பெண்களே செய்வதாக அதே அமைப்பின் 2018 அறிக்கை கூறியது. சந்தா கட்டியவருக்கே ஓய்வூதியம் என்ற திட்டங்களில், பிள்ளை வளர்த்த, முதியவரைப் பார்த்துக்கொண்ட ஆண்டுகள் பெரும்பாலும் கணக்கில் ஏறுவதில்லை.

இதே கணக்கு ஆண்களையும் விடுவதில்லை. தனியாகக் குழந்தை வளர்க்கும் தகப்பன் வந்தால், "குழந்தையோட அம்மா வரலையா?" என்றுதான் முதலில் கேட்கிறோம். மனைவியிடம் அடிபடுவதாகச் சொல்லும் ஆணை நம்புவதற்கே சிலர் தயங்குகிறார்கள். திருநர்களின் நிலை இன்னும் மோசம். ஓர் ஆவணத்தில் ஒரு பெயர், இன்னொன்றில் வேறு பெயர் என்று சொல்லியே அலையவிடுகிறோம். இது நிர்வாகச் சிக்கல் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இது அநீதி.

தம்பதியாக வந்தால் இருவரிடமும் தனித்தனியாகப் பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. "எல்லார்கிட்டயும் இப்படித்தான் பேசுவோம்" என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். வீட்டுக்குப் போனபின் பெண்மீது சந்தேகம் விழக் கூடாதே. கணவர் பக்கத்தில் இருக்கும்போது தலையை மட்டும் ஆட்டியவர், கதவு மூடியபின், ஏ.டி.எம். அட்டை தன் கையில் இல்லை என்பதைச் சொல்வார்.

விண்ணப்பிப்பவர்களுக்கு: உங்கள் பெயரில் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தகவல் எந்த எண்ணுக்கு வந்தால் உங்களுக்கு ஆபத்தில்லையோ, அதைக் கொடுங்கள். தனியாகப் பேச வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். விண்ணப்பத்தை மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மேல்முறையீட்டுக்குப் பெரும்பாலும் கெடு உண்டு. அது எந்தத் தேதியில் முடிகிறது, மனுவை யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதை அன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.