இத்திரி சுண்ணாம்பு உண்டுமா?

சித்திரை மாதத்து ராத்திரி. குழித்துறைக்குப் பக்கத்தில், ரப்பர் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் எங்கள் வீட்டில் கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. எமர்ஜென்சி லைட்டைத் தலையணையில் சாய்த்து வைத்துக்கொண்டு ஒரு பேய் நாவலின் கடைசி நூறு பக்கத்தில் இருந்தேன். பூட்டிய அறைக்கு வெளியே ஒருத்தி நிற்கிறாள். உள்ளே யாரோ அவளுடைய குரலிலேயே பாடுகிறார்கள். சரியாக அந்த வரியில், என் தலைக்கு மேல் ஷீட் கூரையில் 'டம்' என்று ஒரு சத்தம்.

வவ்வால் கடித்துப் போட்ட கொல்லாம்பழம், அதாவது முந்திரிப்பழம். கோடையில் தினமும் விழுவதுதான். ஆனால் அது கொல்லாம்பழம் என்று எனக்கு உறைப்பதற்குள் உடம்பு தன் வேலையை முடித்துவிட்டது. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை ஈரமாகிறது, கைமயிர் குத்திட்டு நிற்கிறது.

இது எப்படி நடக்கிறது என்பதை எலிகளை வைத்துப் பல வருடம் ஆராய்ந்தவர் அமெரிக்க நரம்பியலாளர் ஜோசப் லெடூ. காதில் விழுந்த சத்தம் மூளையின் நடுவே தலாமஸ் என்ற சந்திப்புக்கு வருகிறது. அங்கிருந்து இரண்டு வழி பிரிகிறது. ஒன்று குறுக்குவழி: நேராக அமிக்டலா என்ற, பாதாம் பருப்பு வடிவில் இருக்கும் சின்னப் பகுதிக்குப் போகிறது. இன்னொன்று சுற்றுவழி: மூளையின் மேற்புறணிக்குப் போய், 'இது என்ன சத்தம், எங்கிருந்து வந்தது, முன்னால் கேட்டிருக்கிறோமா' என்று அலசிவிட்டு வருகிறது. குறுக்குவழிச் செய்திக்குத் தெளிவு கிடையாது, வேகம் உண்டு. அது வந்த உடனே அமிக்டலா மணி அடித்துவிடுகிறது. சிறுநீரகத்துக்கு மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி ரத்தத்தில் அட்ரினலினைக் கலக்கிறது. ஒவ்வொரு மயிருக்கும் அடியில் இருக்கும் நுண்ணிய தசை சுருங்குகிறது. அதைத்தான் புல்லரிப்பு என்கிறோம். 'அட, வவ்வால்' என்ற செய்தி இதற்குப் பிறகுதான் வந்து சேர்கிறது.

சரி, சத்தத்துக்குப் பயந்தது புரிகிறது. எனக்கு அதைவிடப் பெரிய ஆச்சரியம் வேறு. பழம் விழுவதற்கு முன்னாலேயே என் கைமயிர் பாதி எழுந்திருந்தது. அப்போது அறையில் இருந்தது காகிதமும் மையும் மட்டும்தான். கறுப்பு எழுத்துக்கு உடம்பு ஏன் பயப்பட வேண்டும்?

சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் இதற்கு ஓர் அழகான சோதனை செய்தார்கள்; முடிவு 2021இல் வெளியானது. மனக்கண்ணில் எதையுமே பார்க்க முடியாதவர்கள் சிலர் இருக்கிறார்கள். 'அம்மாவின் முகத்தை நினைத்துப் பார்' என்றால் அம்மாவைப் பற்றிய எல்லாம் நினைவுக்கு வரும், முகம் மட்டும் படமாக வராது. இந்த நிலைக்கு அஃபாண்டேசியா என்று பெயர். அப்படிப்பட்ட 22 பேரையும், மனக்கண் உள்ள 24 பேரையும் தனித்தனியே இருட்டறையில் உட்கார வைத்தார்கள். விரலில் மின்முனை மாட்டினார்கள். வியர்வை கொஞ்சம் சுரந்தாலும் தோலின் மின்கடத்தும் திறன் கூடும், அதை அது அளந்துவிடும். திரையில் ஒரு பயங்கரக் கதை வரி வரியாக வந்தது: நீங்கள் கடலில் நீந்துகிறீர்கள், தூரத்து அலையில் ஏதோ கறுப்பாகத் தெரிகிறது, இப்படி. மனக்கண் உள்ளவர்களின் அளவு வரிக்கு வரி ஏறியது. மற்றவர்களுடையது ஏறவே இல்லை. ஆனால் பயமூட்டும் படங்களைக் காட்டியபோது இரண்டு கூட்டத்துக்கும் ஒரே மாதிரி வியர்த்தது.

ஆக, அவர்கள் பயமறியாதவர்கள் அல்ல. எழுத்துக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு படம் வேண்டியிருக்கிறது, அந்தப் படத்தை வாசகர் தானே வரைய வேண்டும். நாவலாசிரியர் கொடுப்பது நாலு கோடு. மீதியை நாம் நம் சொந்த பயத்தை எடுத்துப் பூர்த்தி செய்கிறோம். சிறு வயதில் அம்மச்சியிடம் கேட்டிருக்கிறேன், பேய்க்கதையில் வரும் யட்சிக்கு மூஞ்சி எப்படி இருக்கும் என்று. "அது ஒனக்குத் தெரியும் மக்ளே" என்று மட்டும் சொல்வாள். எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அவள் சொல்லியிருந்தால் அது வேறு யாரோ ஒருத்தியின் முகமாகப் போயிருக்கும்.

யட்சி என்றதும் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு உடனே ஒரு காட்சி வரும். குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது, ஆனால் பேய்க்கதைகளுக்கு எல்லைக்கல் கிடையாது. களியக்காவிளையைத் தாண்டி மலையாளத்தில் சொல்லப்படுவதைத்தான் நாங்கள் இந்தப் பக்கம் தமிழில் கேட்டு வளர்ந்தோம். ஏழிலைப் பாலை பூக்கும் காலம், ராத்திரியில் அதன் வாசனை தலையைக் கிறுகிறுக்க வைக்கும். ஒற்றையடிப் பாதையில் வெள்ளைச் சேலை கட்டி, முடியை விரித்துப் போட்டு, ஓர் அழகான பெண் நிற்கிறாள். வழிப்போக்கனைப் பார்த்து, "இத்திரி சுண்ணாம்பு உண்டுமா?" என்று கேட்கிறாள். இத்திரி என்றால் கொஞ்சம்.

அவ்வளவுதான். பல்லைக் காட்டவில்லை, கத்தவில்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பது எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் செய்கிற காரியம். ஆனாலும் முதுகுத்தண்டு சில்லிடுகிறது.

பயம் வேறு, இந்தச் சில்லிடல் வேறு. எதிரே நாகம் படமெடுத்தால் அது பயம். ஓட வேண்டும் என்று தெளிவாகத் தெரியும். அமெரிக்க உளவியலாளர் ஃபிராங்க் மெக்ஆண்ட்ரூவும் சாரா கோன்கியும் 1,341 பேரிடம் கேட்டுத் தொகுத்து 2016இல் எழுதிய கட்டுரை இந்தச் சில்லிடலைப் பற்றியது. எதிரில் இருப்பது ஆபத்தா இல்லையா என்று முடிவு செய்ய முடியாத நிலையில்தான் அது பிறக்கிறது என்பது அவர்கள் கருத்து. ஓடினால் அசட்டுத்தனம், அவமரியாதை. நின்றால் உயிர் போகலாம். இரண்டுக்கும் நடுவே மூளை மாட்டிக்கொண்டு, எல்லாப் புலனையும் தீட்டி வைத்துக் காத்திருக்கிறது. அந்த நேரத்துக்கு யார் தனியாக வந்து நிற்பாள்? கால் தரையில் படுகிறதா?

இதையே கள்ளியங்காட்டு நீலி என்ற யட்சியின் கதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகிறது. கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் அழுகிறாள். ஊரார் கண்ணுக்கு அது குழந்தை, கேட்கிற நமக்கு அது கள்ளி. வில்லுப்பாட்டில் இந்த இடம் வரும்போது முன்வரிசைப் பிள்ளைகள் பின்னால் நகர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். உயிருள்ளதா இல்லையா என்று தீர்மானிக்க முடியாத உருவம்தான் மனிதனை மிகவும் கலவரப்படுத்துகிறது என்று ஜெர்மானிய மனநல மருத்துவர் எர்ன்ஸ்ட் யென்ட்ஷ் 1906இல் எழுதினார். மெழுகு பொம்மை, தானே ஓடும் பொம்மை எல்லாம் அவர் சொன்ன உதாரணங்கள். எங்கள் நீலியின் இடுப்புக் குழந்தையை அவர் கேள்விப்பட்டிருந்தால் முதலில் அதைத்தான் சேர்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

இவ்வளவு கஷ்டமாக இருப்பதை ஏன் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறோம்?

மரச்சீனிக் கிழங்கு அவித்து, காந்தாரி மிளகாயும் உள்ளியும் உப்பும் வைத்து நசுக்கி, தேங்காயெண்ணெய் விட்டுத் தொட்டுக்கொள்வோம். வாயில் வைத்தால் தீ. கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர். கை மறுபடியும் அதே கிண்ணத்துக்குப் போகும். மிளகாயில் உள்ள கேப்சைசின், 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டை உணர்வதற்காக நரம்பில் உள்ள அதே உணர்வு வாங்கியைத் தட்டி எழுப்புகிறது. இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வாய் வேகவில்லை, ஆனால் வேகிறது என்றுதான் நரம்பு சொல்கிறது. உடம்பு கதறும்போது, 'ஒன்றும் ஆகாது' என்று மனசுக்குத் தெரிந்திருக்கிறது. பால் ரோசின் என்ற உளவியலாளர் மிளகாய், சோகப் படம், பயங்கரக் கதை எல்லாவற்றையும் ஒரே பந்தியில் உட்கார வைக்கிறார். தீங்கில்லாத வலியை ருசிப்பது என்று அதற்குப் பெயர் சொல்லலாம். உடம்பு ஏமாந்துவிட்டது, நான் ஏமாறவில்லை என்று அறிவதில் ஒரு சுகம் இருக்கிறது என்பது அவர் விளக்கம்.

அதோடு இன்னொன்றும் சேருகிறது. அட்ரினலின் கிளப்பிய படபடப்பு, ஆபத்து நீங்கிய அந்த நொடியே அடங்குவதில்லை. ரத்தத்தில் கொஞ்ச நேரம் மிச்சம் இருக்கும். டால்ஃப் சில்மன் என்ற ஆய்வாளர் 1970களில் இதைத்தான் சொன்னார்: மிச்சமிருக்கும் கிளர்ச்சி அடுத்து வரும் உணர்ச்சியின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. கதைநாயகி தப்பித்துவிட்டாள் என்று படித்ததும் வரும் நிம்மதி, சாதாரண நிம்மதியைப் போல் இரண்டு மடங்காகத் தெரிவது இதனால்தான். 'டம்' சத்தத்துக்குப் பிறகு நான் தனியாகப் படுத்துச் சிரித்ததும் இதே கணக்கில்தான்.

அளவு மிஞ்சினால் இது நடக்காது. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு பேய்வீட்டுக்குள் 110 பேரை இதயத்துடிப்புக் கருவி மாட்டி அனுப்பினார்கள். 2020இல் முடிவு வந்தது. கொஞ்சமாகப் பயந்தவர்களுக்குச் சலிப்பு, மிக அதிகமாகப் பயந்தவர்களுக்கு வேதனை. நடுவில் ஓர் இடத்தில் இன்பம் உச்சிக்குப் போகிறது. அந்த இடம் ஆளுக்கு ஆள் வேறு.

இங்கேதான் புத்தகம் எல்லாவற்றையும்விட நல்லது என்று நான் அடித்துச் சொல்வேன். சினிமா அதன் வேகத்தில் ஓடும். புத்தகத்தில் வேகம் வாசகர் கையில். தாங்கவில்லையென்றால் பக்கத்தில் விரலை வைத்து மூடிவிட்டு அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். தைரியம் வந்தால் அதே பத்தியை மெதுவாகத் திரும்பப் படிக்கலாம். விளக்கைக் கூட்டலாம், குறைக்கலாம். அவரவர் உச்சியை அவரவரே தேடிக்கொள்ள முடிகிறது.

பயம் முழுக்கப் போய்விட்டால் எப்படி இருக்கும் என்பதற்கும் மருத்துவத்தில் ஒரு பதிவு உண்டு. எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் ஒரு பெண்ணுக்கு, அபூர்வமான பரம்பரை நோயால் இரண்டு பக்க அமிக்டலாவும் அழிந்துபோயிருந்தது. 2011இல் வெளியான ஆய்வுக்காக அவரைப் பாம்புக் கடைக்கும் பேய்வீட்டுக்கும் அழைத்துப் போனார்கள். பாம்பைக் கையில் வாங்கித் தடவினார். பேய்வீட்டில் மற்றவர்களுக்கு முன்னால் நடந்தார். வேஷம் போட்டு வந்தவரின் தலையைத் தொட்டுப் பார்க்கப்போய் அவரைப் பயமுறுத்திவிட்டார். உற்சாகம் நிறைய இருந்தது, பயம் துளி இல்லை. ஆனால் 2013இல் வந்த இன்னொரு ஆய்வில், அதே பெண் கார்பன்-டை-ஆக்சைடு கலந்த காற்றைச் சுவாசித்தபோது பதறித் துடித்துப்போனார். உடம்புக்கு உள்ளேயிருந்து வரும் மூச்சுமுட்டலுக்கு அமிக்டலா தேவைப்படவில்லை. பயம் என்பது மூளையில் ஒரே ஓர் அறையில் குடியிருக்கும் சமாச்சாரம் அல்ல. லெடூவும் பின்னாளில், அமிக்டலாவைப் 'பயத்தின் வீடு' என்று எளிமையாகச் சொல்லிவிடக் கூடாது என்று வலியுறுத்தத் தொடங்கினார்.

இருள் சூழ்ந்த மாயக்கதைகள், அதாவது மந்திரமும் ராட்சசர்களும் சாபமும் நிறைந்த நாவல்கள், என்னைப் பிடித்துவைத்திருப்பது கொஞ்சம் வேறு காரணத்தால். அவற்றில் பயத்துக்குச் சட்டம் உண்டு. அம்மச்சி கதையிலும் உண்டு: யட்சி சுண்ணாம்பு கேட்டால் கையால் கொடுக்காதே, கத்தி முனையில் வைத்து நீட்டு, அவளுக்கு இரும்பு ஆகாது. இந்த ஒரு சட்டம் தெரிந்ததும் கேட்கிற பிள்ளை நடுங்குவதை விட்டுத் திட்டம் போட ஆரம்பிக்கும். கத்தி எங்கே இருக்கிறது? தோற்பெட்டியிலா, மடியிலா? 2021இல் வந்த ஓர் ஆய்வு, திகில் கதைகளை விரும்புகிறவர்கள் கொரோனா காலத்து மனஉளைச்சலைக் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடித்ததாகச் சொல்கிறது. ஒன்றால்தான் மற்றது வந்தது என்று அதை வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனால் பயந்துகொண்டே யோசிக்க இந்தக் கதைகள் பழக்குகின்றன என்பது என் அனுபவம்.

அக்கா மகளுக்கு இப்போது எட்டு வயது. போன லீவில் கோயம்புத்தூரிலிருந்து வந்தவள், யட்சி கதை சொல்லச் சொன்னாள். எமர்ஜென்சி லைட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அம்மச்சி சொன்ன மாதிரியே பாலை வாசனையில் தொடங்கினேன். சுண்ணாம்பு கேட்கும் இடம் வந்ததும் அவள் கண்ணைப் பார்த்து நிறுத்தினேன்; போதுமென்றால் விட்டுவிடலாம் என்று. அவள் எழுந்து போய் லைட்டைத் தன் பக்கம் ஒரு சாண் இழுத்து வைத்துக்கொண்டாள். என் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள். "சித்தி, அப்புறம்?" என்றாள்.