லசானியாவுக்குள் நீர் போகும் வழி

பாஸ்தாத் தகடுகளைக் குழம்போடு அடுக்கிச் சுடும் இத்தாலிய உணவு லசானியா. ஞாயிறு இரவில் வீட்டாருக்கு அதைச் செய்து கொடுக்கலாம் என்று தகடுகள் வாங்கி வந்தவர்களுக்கு முதலில் எழும் கேள்வி, அவற்றை முன்பே வேகவைக்க வேண்டுமா என்பது. வேண்டாம் என்பதே என் உறுதியான பதில். வெந்த தகடு தேவையான நீரை எல்லாம் வெறும் கொதிநீராகவே குடித்து முடித்திருக்கும். காய்ந்த தகடோ தக்காளிச் சாற்றை உப்போடும் மசாலாவோடும் இழுத்துக்கொள்ளும். இந்த உணவின் வேலை முழுவதும் நீர் எங்கே இருக்கிறது, எங்கே போகிறது என்பதில்தான் அடங்கியிருக்கிறது.

டியூரம் என்னும் கடினக் கோதுமையின் ரவையைப் பிசைந்து, தகடாக்கி, ஈரம் ஏறக்குறைய 12 சதவீதமாகும் வரை உலர்த்துகிறார்கள். அதற்குள் மாவுச்சத்து மணிகள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றி குளூட்டன் என்னும் புரதம் வலை பின்னியிருக்கிறது. நீரோடு சூடும் சேர்ந்தால், சுமார் 55 முதல் 65 டிகிரி செல்சியசில் மணிகள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. சூடு இன்னும் ஏறி 70, 80 டிகிரியை எட்டும்போது புரத வலை இறுகிவிடுகிறது. பருத்த மணிகளை அந்த வலை பிடித்துவைத்திருப்பதால்தான் பாஸ்தா வெந்தும் கரையாமல் நிற்கிறது. மைதாவில் செய்த தகடுகளில் இந்த வலை நலிந்திருக்கும். அடுக்குகள் கொழகொழவென்று ஒன்றாகிவிடும். உறையில் டியூரம் கோதுமை ரவை என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

நான்கைந்து பேருக்கு 9 தகடுகள் போதும். எடை 160 கிராம் அளவில் இருக்கும். வேகும்போது அவை குறைந்தது தம் எடை அளவு நீரைக் குடிக்கும். அந்த நீரைத் தக்காளிக் குழம்பும், பாலில் செய்யும் வெள்ளைக் குழம்பும்தான் கொடுத்தாக வேண்டும். அதனால் தக்காளிக் குழம்பைச் சுண்டவைக்காமல், ஒரு தம்ளர் வெந்நீர் சேர்த்துத் தளர்வாக இறக்குங்கள். பார்க்க அதிகமாகத் தெரியும், பயப்பட வேண்டாம். ஒவ்வொரு தகட்டின் மூலையும் குழம்புக்குள் மூழ்கியிருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மூலைக்கு நீர் கிடைக்காது. அங்கே மாவுச்சத்து வேகாமல் வறுபட்டுக் கல்லாகிவிடும்.

நடுவே வைக்கும் பூரணத்துக்கு நம் குமரி மாவட்டத்தில் சூரை மீனைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை என்பேன். தூத்தூர் பக்கத்து மீனவர்கள் ஆழ்கடலுக்குப் போய்ப் பிடித்து வரும் மீன் அது. பச்சையாக அடுக்கிவிடாதீர்கள். சூட்டில் மீனின் புரதம் சுருங்கும்போது உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். அது எவ்வளவு என்று முன்கூட்டிக் கணிக்க முடியாது. மிளகும் சின்ன வெங்காயமும் சேர்த்து நீர் வற்ற வதக்கி, உதிர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக் குழம்புக்கு 40 கிராம் வெண்ணெயில் 40 கிராம் மைதாவை வறுத்து, அரை லிட்டர் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளற வேண்டும். கொழுப்பு ஒவ்வொரு மாவுத்துகளையும் பூசிப் பிரித்துவைப்பதால்தான் கட்டி தட்டுவதில்லை. எந்தக் கொழுப்பும் இதைச் செய்யும். தேங்காய் எண்ணெயும் செய்யும். மைதாவுக்குப் பதில் மரச்சீனி (மரவள்ளி) மாவு போடலாமா? கெட்டியாகத்தான் ஆகும், ஆனால் இழுபடும். ஆறும்போது குழம்பை இறுகச் செய்வது அமைலோஸ் என்னும் நேர்ச்சங்கிலி மூலக்கூறு. கோதுமை மாவுச்சத்தில் அது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு; மரச்சீனியில் அதைவிடக் குறைவு. துண்டு போட்டு எடுக்க வேண்டிய உணவுக்கு மைதாவே ஏற்றது.

குழம்பு, தகடு, மீன், வெள்ளைக் குழம்பு என்று மூன்று அடுக்கு கட்டி, மேலே மொசரெல்லா சீஸைத் துருவிப் போட்டு, அலுமினியத் தாளால் இறுக மூடி, 180 டிகிரி ஓவன் அடுப்பில் அரை மணி நேரம் வையுங்கள். தாள் சீஸில் ஒட்டாமல் சற்று உயர்ந்து நிற்கட்டும். அது நீராவியை வெளியே விடாது. அடுப்பின் சூட்டை 220 ஆக்கினாலும் அடுக்குகளின் உட்புறம் 100 டிகிரியைத் தாண்டாது. நீர் இருக்கும்வரை சூடு அதை ஆவியாக்குவதிலேயே செலவாகும். அவசரப்பட்டு ஏற்றினால் ஓரங்கள் காயும், அவ்வளவுதான்.

பிறகு தாளை எடுத்துவிட்டு இன்னும் 15 நிமிடம். இப்போது மேற்பரப்பு உலர்கிறது, அதன் சூடு 100 டிகிரியைக் கடக்கிறது. 140 டிகிரி வாக்கில் புரதமும் சர்க்கரையும் விரைவாக வினைபுரிந்து பொன்னிறமும் மணமும் தருகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மையார் 1912இல் விவரித்த வினை இது. மொசரெல்லா இதில் முந்திக்கொள்வதற்குக் காரணம் உண்டு. அதைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்களில் ஒரு வகை, பால் சர்க்கரையின் குளுக்கோஸ் பாதியைத் தின்றுவிட்டு, காலக்டோஸ் என்னும் மறுபாதியை மிச்சம் வைக்கிறது. அந்தக் காலக்டோஸ்தான் புள்ளி புள்ளியாகச் சிவக்கிறது.

ஓவன் அடுப்பு இல்லாத வீட்டில் இட்லிப் பாத்திரத்திலும் இதை வேகவைக்கலாம். உட்புறம் குறையின்றி வேகும். ஆவி 100 டிகிரிக்கு மேல் போகாததால் மேற்புறம் மட்டும் வெளிறியே இருக்கும். இரும்பு மூடியின் மேல் கனல் பரப்பினால் அந்தக் குறையும் தீரும்.

இறக்கியதும் வெட்டாதீர்கள். கொதிக்கும் நிலையில் வெள்ளைக் குழம்பு ஓடும். கத்தி பட்டதும் அடுக்குகள் சரியும். கால் மணி நேரம் ஆறவிட்டால் சீஸும் குழம்பும் இறுகத் தொடங்கும், மிஞ்சிய நீரையும் தகடுகள் இழுத்துக்கொள்ளும். மீந்ததைக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் தகடு விறைத்திருக்கும். மாவுச்சத்துச் சங்கிலிகள் மீண்டும் நெருங்கி அடுக்கிக்கொள்வதால் வரும் விறைப்பு அது. ஒரு கரண்டி நீர் தெளித்து, மூடி, ஆவி பறக்கச் சூடாக்கினால் பெரும்பாலும் இளகிவிடும்.