மின்சார மேளமும் தவில்காரரின் கூலியும்

தேவிபட்டினம் முதல் இராமேசுவரம் வரையிலான கடற்கரையில், வருமானம் குறைந்த சிறு கோயில்களில் சாயரட்சைத் தீபாராதனையின்போது அர்ச்சகர் சுவிட்சைப் போட்டதும் முரசும் சேகண்டியும் மணியும் ஒருசேர முழங்குவதைக் கேட்கலாம். வாத்தியம் வாசிக்கும் ரோபோ என்றதும் ஜப்பானை நினைக்கிறோம். அதன் எளிய உறவினர் நம் அர்த்த மண்டபத்திலேயே இருக்கிறது.

வீட்டு மின்சாரத்தில் ஓடும் நான்கு துருவ மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1440 முறை சுழலும். பெல்ட்டும் புல்லிகளும் அந்த வேகத்தைக் குறைத்து ஓர் இரும்புத் தண்டைச் சுழற்றுகின்றன. தண்டில் பற்றவைத்த புடைப்பு, கோலின் அடிமுனையை அழுத்திக் கோலைத் தூக்குகிறது. புடைப்பு தாண்டிச் சென்றதும் ஸ்பிரிங் இழுக்க, கோல் தோலின்மேல் விழுகிறது. தண்டு நிமிடத்துக்கு 120 முறை சுழன்று, அதில் இரண்டு புடைப்புகள் இருந்தால், நொடிக்கு 4 அடி விழும். தாளம் இரும்பிலேயே எழுதப்பட்டிருப்பதால், அதை மாற்ற விரும்புபவர் வெல்டிங் பட்டறைக்குத்தான் போகவேண்டும். கடற்காற்றின் ஈரத்தில் தோல் தளர்ந்து ஓசை மங்கினாலும் இயந்திரம் அதை அறியாது. தன் ஓசையைத் தானே கேட்கும் வழி அதற்கு இல்லை.

அந்த வழியைத் திறப்பதே இசை ரோபோ ஆய்வின் மையம். ஜப்பானின் வசேதா பல்கலைக்கழகத்தில் 1984இல் உருவான வாபாட்-2 என்ற ரோபோ, கேமராவால் இசைக்குறிப்பைப் படித்து ஆர்கன் வாசித்தது. பாடுபவரின் குரலைக் கேட்டு உடன் வாசிக்கவும் செய்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் கில் வைன்பெர்க் குழுவினர் அமைத்த ஷிமோன் என்ற ரோபோ, நான்கு கைகளில் எட்டுக் கோல்களைப் பிடித்து, மரக்கட்டைகளைத் தட்டி இசைக்கும் மரிம்பாவை வாசிக்கிறது. முதலில் அமைத்தபோது இங்கே மின்காந்தச் சுருள்கள் கோலை இயக்கின. எந்தக் கோல் எப்போது விழவேண்டும் என்பதை, உடன் வாசிக்கும் மனிதரின் இசையைக் கேட்டபடியே கணினி அந்தந்தக் கணத்தில் தீர்மானிக்கிறது.

கலியாண வீட்டுத் தவில்காரர் செய்வதும் ஏறக்குறைய இதுதான். கைகள் ஒரு நடையில் போய்க்கொண்டிருக்க, கண் புரோகிதரின் விரல்மேல் இருக்கும். விரல் அசைந்த மறுநொடி கெட்டிமேளம் எழும். நாதசுரம் இன்னும் கடினம். வாயில் வைத்து ஊதும் சீவாளியின்மேல் உதட்டின் அழுத்தத்தையும் மூச்சின் வலிமையையும் இடைவிடாது மாற்றித்தான், சுரத்தை அசைத்து வளைக்கும் கமகம் பிறக்கிறது. 1738இல் வோக்கான்சோன் என்ற பிரெஞ்சுக் கண்டுபிடிப்பாளர் பாரிசில் காட்டிய இயந்திரப் பொம்மை துருத்திக் காற்றால் புல்லாங்குழல் வாசித்தது உண்மையே. எனினும் மரபான மேற்கத்திய மெட்டு வேறு, தோடி ஆலாபனை வேறு.

ஆனால் வேலை பறிபோவதற்குத் திறமையில் தோற்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. சுவிட்சைப் போட்டால் முழங்கும் பெட்டி எந்தத் தவில்காரரையும் வென்றதில்லை. பூசை வேளையில் ஓசை இருந்தால் போதும் என்று நிர்வாகம் கருதிய இடத்தில் கூலியை மிச்சப்படுத்தியது, அவ்வளவுதான். ஊமைப் படங்களுக்கு அரங்கிலேயே வாசித்தவர்களும் பேசும் படம் வந்தபோது இப்படித்தான் வேலை இழந்தார்கள்.

இதில் அதிகம் கவனிக்கப்படாத இழப்பு ஒன்று உண்டு. நித்திய பூசைக்குக் கிடைத்த கூலி சொற்பம்; என்றாலும் பயில்பவர் நாள்தோறும் கோலெடுத்து, தவறி, ஆசான் முறைப்பதைப் பார்த்துத் திருத்திக்கொண்ட இடம் அதுதான். அறநிலையத் துறையின் தவில், நாதசுரப் பயிற்சிப் பள்ளிகள் பாடத்தைக் கற்பிக்கலாம். அன்றாடம் வாசிக்கும் சந்நிதியைக் கோயில்தான் தரமுடியும். இயந்திரம் வாங்கிவிட்ட கோயில்கள் வெள்ளிக்கிழமையிலும் பிரதோஷத்திலுமாவது அதை நிறுத்திவைத்து, பயிலும் ஒருவருக்குச் சிறு கூலி கொடுத்து வாசிக்கச் சொல்லலாம். ஒன்றிரண்டு உபயதாரர்கள் முன்வந்தால் நடக்கக்கூடிய செலவே அது.