எண் அசையாமல் நின்றால் அளவு சரியா?

போன மாசி மாதம் ஒரு கிராமத்தில் அண்ணன் தம்பிக்குள் வரப்புத் தகராறு. அண்ணன் மகன் விலை குறைந்த ஜி.பி.எஸ். ரிசீவர் ஒன்றை வாங்கிவந்து, மதியம் இரண்டரை மணிக்கு மூலைக்கல்லின் மேல் வைத்து அளந்திருக்கிறார். பத்து நிமிடம் ஆகியும் திரையில் இடத்தைக் காட்டும் எண் ஓர் அடிக்கு மேல் ஆடவில்லை. "அசையவே இல்லையே சார், அப்போ சரியாத்தானே இருக்கும்?" என்று என்னிடம் கேட்டார். அதை நம்பி அறுபது மீட்டர் நீளத்துக்கு வேலிக்குக் குழி தோண்டிவிட்டார்கள்.

மறுநாள் காலை ஆறரைக்கு அதே ரிசீவரை அதே கல்லின் மேல் வைத்தேன். இடம் இரண்டரை மீட்டர் தள்ளிக் காட்டியது, உயரம் ஆறு மீட்டர் மாறியிருந்தது. அறுபது மீட்டர் வரப்பில் இரண்டரை மீட்டர் என்றால் 150 சதுர மீட்டர், மூன்றரை சென்ட்டுக்கும் மேல். இரண்டு வீட்டாரும் ஜென்மத்துக்கும் பேசாமல் போக அது போதும்.

ரிசீவர் பழுதில்லை. வானம் மாறியிருந்தது. சூரிய ஒளி பட்டு மேல்வானில் அயனி மண்டலம் உருவாகிறது. அதிலுள்ள எலக்ட்ரான்கள் செயற்கைக்கோள் சமிக்ஞையைத் தாமதப்படுத்துகின்றன. பிற்பகலில் அந்தத் தாமதம் உச்சத்துக்குப் போகும். சூரியன் உக்கிரமாக இருக்கும் ஆண்டுகளில், தலைக்கு நேர் மேலே உள்ள செயற்கைக்கோளுக்கே பதினைந்து மீட்டரைத் தாண்டும். பத்து நிமிடத்தில் இது பெரிதாக மாறாது என்பதுதான் சிக்கல். சராசரி எடுத்தால் சின்னச் சின்ன ஆட்டம் அடங்கும். மொத்தமாகத் தள்ளி நிற்கும் பிழை அப்படியே இருக்கும். திரையில் 'துல்லியம் 1 மீட்டர்' என்று வருவதும் பெரும்பாலும் ரிசீவர் தானே போட்டுக்கொள்ளும் கணக்கு.

நம் தென்மாவட்டங்களுக்கு இது கூடுதல் தலைவலி. பூமியின் காந்தப்புலத்துக்கான நடுக்கோடு நமக்கு மிக அருகில் போகிறது. 1963இல் ராக்கெட் ஏவ திருவனந்தபுரம் அருகே உள்ள தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான். இந்தப் பகுதியில் சூரியன் மறைந்தபிறகு அயனி மண்டலத்தில் குமிழிகள் கிளம்பும். சமிக்ஞை மினுக்கி மினுக்கி அறுந்துபோகும். பங்குனியிலும் புரட்டாசி, ஐப்பசியிலும் இது அதிகம். 'வெயில் தாழ்ந்தபிறகு நிதானமாக அளக்கலாம்' என்று இரவு எட்டு மணிக்குப் போனை எடுத்துக்கொண்டு வயலில் இறங்குகிறவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, கையில் மலிவான ரிசீவர்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

முதலில் பொறுமை. அயனித் தாமதத்தைத் திருத்த எட்டு எண்களை ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களே அனுப்புகின்றன, அவற்றை வைத்துப் போடும் கணக்குக்குக் குளோபுச்சார் மாதிரி (மாடல்) என்று பெயர். அந்தத் தகவல் 12.5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் வரும். இணைய இணைப்பு இல்லாத ரிசீவரை நீண்ட நாள் கழித்துப் பெட்டியிலிருந்து எடுத்து உடனே அளந்தால், அந்தத் திருத்தம் இல்லாமலேயே அளந்திருப்பீர்கள். கால் மணி நேரம் திறந்தவெளியில் வைத்திருங்கள். அப்படி வைத்தாலும் தோராயமாகப் பாதிப் பிழைதான் போகும்.

ரிசீவரின் அமைப்புகளில் எஸ்.பி.ஏ.எஸ். (செயற்கைக்கோள் வழியே திருத்தம் வாங்கும் முறை) என்ற வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் விமானங்களுக்காக உருவாக்கிய ககன் என்ற அத்தகைய அமைப்பு இலவசமாகவே திருத்தம் அனுப்புகிறது. பல ரிசீவர்களில் இது அணைந்தே கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எல்1, எல்5 என்ற இரண்டு அதிர்வெண்களையும் பிடிக்கிற ரிசீவராகப் பாருங்கள். எல்1இல் ஏற்படும் தாமதத்தைப்போல எல்5இல் சுமார் 1.8 மடங்கு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்தே ரிசீவர் தாமதத்தைக் கணக்கிட்டுக் கழித்துவிடும். எந்த மாதிரியையும் நம்ப வேண்டியதில்லை. கழிக்கும்போது இரைச்சல், அதாவது அந்தச் சின்னச் சின்ன ஆட்டம், இரண்டரை மடங்கு பெருகும். இங்கேதான் சராசரி எடுப்பது உண்மையில் உதவும்.

கீழ்வளிமண்டலத்தின் தாமதம் வேறு வகை. அதிர்வெண்ணை மாற்றினாலும் இது மாறாது. கடல்மட்டத்தில் நேர் மேலே சுமார் 2.4 மீட்டர், அடிவானத்தை ஒட்டி ஐந்து பாகை உயரத்தில் அதைப்போலப் பத்து மடங்கு. பெரும்பகுதியைக் காற்றழுத்தத்தை வைத்துக் கணக்கிடலாம், ஈரப்பதத்தின் பங்குதான் பிடிபடாது. பதினைந்து பாகைக்குக் கீழே உள்ள செயற்கைக்கோள்களை ஒதுக்கிவிடுங்கள். மேட்டுப்பாளையத்தில் பேஸ் (இடம் தெரிந்த புள்ளியில் நிலையாக வைக்கும் இன்னொரு ரிசீவர்) வைத்து ஊட்டியில் அளக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். இந்தத் தாமதம் மட்டுமே இரண்டு இடத்துக்கும் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசப்படும். மென்பொருளில் இதற்கான திருத்தம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் உயரம் தப்பாக வரும்.

எல்லைக் கல் நடும் வேலைக்கு இதெல்லாம் செய்தும் தனி ரிசீவர் போதாது. பத்து கிலோமீட்டருக்குள் பேஸ் இருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு ரிசீவரும் ஏறக்குறைய ஒரே வானத்தைப் பார்க்கும், பிழை தானாகக் கழியும். இல்லையென்றால் சர்வே ஆஃப் இந்தியாவின் கார்ஸ் நிலையங்களிலிருந்து (எப்போதும் இயங்கும் நிலையான பேஸ்கள்) திருத்தம் வாங்குங்கள். அப்புறம், தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ஏற்கெனவே அளவு தெரிந்த ஒரு கல்லின் மேல் வைத்துப் பாருங்கள். எவ்வளவு சொன்னாலும் இந்த ஒன்றைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள்.

அந்தக் குடும்பத்துக்குப் புலப்படத்தை (நிலத்தின் அளவு வரைபடம்) கையில் வைத்துக்கொண்டு, பழைய கற்களிலிருந்து டோட்டல் ஸ்டேஷன் என்ற கோணமும் தூரமும் அளக்கும் கருவியில் அளந்து கொடுத்தேன். வரப்பு இருந்த இடத்தில்தான் இருந்தது. தோண்டிய குழிகள் அத்தனையும் தம்பி நிலத்துக்குள். அன்று மாலையே அண்ணன் மகன் மண்வெட்டியோடு வந்து ஒவ்வொன்றாக மூடினார்.