உபுண்டு பழசாகிவிட்டதா? உடனே ஃபார்மட் வேண்டாம்

விண்டோஸ் மாதிரி ஓர் இயங்குதளமான உபுண்டுவின் 20.04 பதிப்பைப் போட்ட கம்ப்யூட்டர்கள் இன்னும் நிறைய ஓடிக்கொண்டிருக்கின்றன. அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 மே மாதத்தோடு நின்றுவிட்டது. அவற்றை என்னிடம் சர்வீஸுக்குக் கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: "ஃபார்மட் பண்ணிப் புதுசாப் போட்டுடலாமா சார்?" விண்டோஸ் காலத்துப் பழக்கம், சட்டென்று போகாது.

சர்வீஸ் செய்பவருக்கு அதுதான் வசதி. புதிதாகப் போட எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டியே தெரியும். அப்கிரேடு, அதாவது இருப்பதை அழிக்காமல் புதிய பதிப்புக்கு ஏற்றுவது, எங்கே நின்று எதைக் கேட்கும் என்று சொல்ல முடியாது; பக்கத்தில் ஆள் வேண்டும். ஆனால் பிரின்டர், தமிழ்99 விசைப்பலகை, சேர்த்து வைத்த எழுத்துருக்கள், பிரவுசரில் கிடக்கும் பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் திரும்ப ஒழுங்குபடுத்த அல்லாடப் போவது சொந்தக்காரர்தான். அதனால் நான் முதலில் அப்கிரேடுக்கு வழி இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

வழி இருக்கிறதா என்பதைக் கணினியின் வயது முடிவு செய்வதில்லை. வெளியிலிருந்து என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து மட்டும் மென்பொருள் எடுத்திருந்தால் பெரும்பாலும் சிக்கலில்லாமல் ஏறிவிடும். யூடியூபைப் பார்த்துப் பார்த்து பிபிஏக்களை, அதாவது வெளியார் நடத்தும் மென்பொருள் களஞ்சியங்களை, சேர்த்த கணினிதான் மக்கர் செய்யும். அப்கிரேடு தொடங்கும்போது பிபிஏக்களை அதுவே அணைத்துவிடும். ஆனால் அவற்றிலிருந்து ஏற்கெனவே இறங்கிய பொதிகள் (மென்பொருள் பேக்கேஜ்கள்) உள்ளேயே இருக்கும். புதிய பதிப்பின் பொதிகளோடு அவை முட்டிக்கொண்டால் வேலை பாதியில் நிற்கும். பிபிஏ-பர்ஜ் என்று ஒரு கருவி உண்டு. பிபிஏவை நீக்கி, அதன் பொதிகளையும் உபுண்டுவின் பதிப்புக்கே இறக்கிவிடும். அப்கிரேடுக்கு முன்னால் அதை ஓட்டுங்கள்.

இன்னொன்று, 20.04லிருந்து புதிய பதிப்பான 24.04க்கு நேராகத் தாவ முடியாது. நடுவில் 22.04ல் கால் வைத்துத்தான் ஏற வேண்டும். இரண்டு ஏற்றம், அதோடு கைக்கு வந்த பிபிஏ எல்லாம் என்றால் நானே மறுநிறுவலுக்குப் போய்விடுவேன்.

அப்கிரேடின் நடுவே ஒரு சின்னப் பெட்டி வரும்: இந்த அமைப்புக் கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், பழையதை வைக்கவா, புதியதைப் போடவா? அவசரத்தில் எதையோ தட்டிவிட்டுப் போகிற இடம் இது. அலுவலகத்தில் நாலு பேர் ஒரே ஃபோல்டரைப் பகிர்வதற்கு 'சம்பா' (Samba) என்ற மென்பொருளை அமைத்திருப்பார்கள். அந்தக் கோப்புக்கு 'ரீப்ளேஸ்' தட்டினால் மறுநாள் காலை யாருக்கும் ஃபோல்டர் தெரியாது. பயப்பட வேண்டாம், பழைய கோப்பு அங்கேயே பெயரில் ஒரு வாலோடு கிடக்கும். ஆனால் அதைத் தேட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டுமே! நீங்களோ உங்கள் ஆளோ கைவைத்த கோப்பு என்றால் 'கீப்'. பெயரே புதிதாகத் தெரிந்தால், வித்தியாசத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சரி, மெதுவாக இருக்கிறது, திரை கோளாறு செய்கிறது என்பதற்காக மறுநிறுவல் கேட்பவர்களுக்கு ஒரு சோதனை. கணினியில் புதிதாக ஒரு யூசர் உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள். அங்கே எல்லாம் சரியாக ஓடினால் கோளாறு உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் அமைப்புக் கோப்புகளில் இருக்கிறது. ஹோமை அப்படியே வைத்துக்கொண்டு சிஸ்டத்தை மட்டும் புதிதாகப் போட்டால் அந்தக் கோளாறும் கூடவே வரும். பணமும் நேரமும் தண்டம்.

மறுநிறுவல்தான் என்று முடிவானால் முழுக் கவனமும் டிஸ்க்கின் பிரிவுகளைக் காட்டும் பார்ட்டிஷன் திரையில் இருக்கட்டும். ஹோம் தனிப் பார்ட்டிஷனாக இருந்தால், சிஸ்டம் இருக்கும் ரூட்டுக்கு மட்டும் ஃபார்மட் டிக் இருக்க வேண்டும். ஹோமுக்கு டிக் இருக்கவே கூடாது. தனியாக இல்லையென்றால் பேக்கப்பை நம்பித்தான் இறங்க வேண்டும். பேக்கப் என்று டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் இரண்டை மட்டும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு வருவார்கள். கன்ட்ரோல் எச் தட்டினால்தான் மறைந்த ஃபோல்டர்கள் தெரியும்; எழுத்துருக்கள் பெரும்பாலும் அங்கேதான். 22.04 முதல் ஃபயர்பாக்ஸ் பிரவுசர் 'ஸ்னாப்' என்ற தனி வகைப் பொதியாக வருவதால், அதன் புக்மார்க்கும் பாஸ்வேர்டும் ஹோமுக்குள் இருக்கும் 'ஸ்னாப்' ஃபோல்டரில். பழைய மொசில்லா ஃபோல்டரை மட்டும் எடுத்து வைத்தால் வருஷக் கணக்கில் பழைய புக்மார்க்தான் திரும்பி வரும். பென் டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்தது என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு அதில் ஏறாது. கல்யாண வீடியோ விட்டுப்போவது இப்படித்தான். டைம்ஷிஃப்ட் என்ற பேக்கப் கருவியைப் போட்டிருக்கிறேன் என்பவர்களுக்கும் சொல்கிறேன், அது சிஸ்டத்தைத்தான் காக்கும். நீங்களாகச் சேர்த்தால் ஒழிய ஹோமைத் தொடாது.

இன்ஸ்டால் பொத்தானைத் தட்டுமுன் நிறுவாமலே ஓட்டிப் பார்க்க உதவும் 'டிரை உபுண்டு'வில் நுழைந்து வைஃபை, ஒலி, பிரின்டர் மூன்றையும் பார்த்துவிடுங்கள். அப்கிரேடு என்றால் யூபிஎஸ் பேட்டரியைப் பாருங்கள். பொதிகள் ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், கணினி திரும்ப எழும்போது கறுப்புத் திரை மட்டும் வந்தால் உடனே ஃபார்மட்டுக்கு ஓடாதீர்கள். கணினி எழும்போது வரும் பட்டியலில் ரெக்கவரி மோடில் நுழைந்து, பழுதான பொதிகளைச் சரிசெய்யும் டிபிகேஜி (dpkg) வரியைத் தேர்ந்தெடுங்கள். பல நேரம் விட்ட இடத்திலிருந்து தானே முடித்துவிடும்.